அத்தை பறித்த துபாய்ப் பூ

எங்கள் ஊரில் பூ என்றால் அது தராசில் ஏற வேண்டும். ஏறினால் பூ, ஏறாவிட்டால் புல். தோவாளைச் சந்தையை ஒட்டிய ஊர்களில் பிறந்தவர்களுக்கு இதில் இரண்டு கருத்து கிடையாது. பிச்சி, மல்லி, அரளி, கேந்தி எதுவானாலும் விடிவதற்குள் பறித்து, ஈரத்துணி போட்டு மூடி, வெயில் ஏறுமுன் விற்றுத் தீர்க்க வேண்டிய சரக்கு. செடியில் மலர்ந்து நிற்கும் பூவைப் பார்த்து ஒருவன் ரசித்துக்கொண்டிருந்தால் அவன் வெளியூர்க்காரன். இல்லையென்றால் அன்றைக்குப் பறிக்க ஆள் கிடைக்காதவன்.

அப்படிப்பட்ட ஊருக்குத்தான் என் சித்தப்பா பெட்டூனியா என்ற பூவைக் கொண்டுவந்தார்.

சித்தப்பா அப்பாவின் தம்பி. துபாயில் ஒரு தோட்டக் கம்பெனியில் வேலை. பாலைவனத்து மணலில் சாலையோரமாக நெடுக இந்தப் பூவை நட்டு வளர்ப்பதுதான் அந்தக் கம்பெனியின் தொழில் என்று அவர் சொன்னபோது நாங்கள் யாரும் நம்பவில்லை. சம்பளம் கொடுத்துப் பூ வளர்த்து, அதை ஒருவரும் பறிக்காமல் விட்டுவைக்கிற தேசம் எப்படி உருப்படும் என்பது என் அம்மாவின் சந்தேகம். நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அவர் லீவில் வந்தபோது, மிட்டாய் இருக்கும் என்று நாங்கள் சுற்றி உட்கார்ந்து திறந்த பெட்டியில் பாதி விதைப் பொட்டலங்களாக இருந்தன. நான் அன்றைக்குச் சோறு சாப்பிடவில்லை.

எங்கள் பிச்சித் தோட்டத்துக்குப் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தில் கொட்டகை எழுந்தது. இரும்புக் குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, மேலே பால் நிறத்தில் கனமான பிளாஸ்டிக் விரிப்பு. பெட்டூனியா இதழ் மழைத்துளி பட்டால் கிழிந்துவிடும், ஐப்பசி மழைக்குத் தாங்காது, அதனால் கூரை வேண்டும் என்றார். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றை அவர் கணக்கில் எடுக்கவில்லை. முதல் விரிப்பு ஒரு மத்தியானம் கிளம்பிப் போய் இரண்டு தோட்டம் தள்ளித் தென்னை மரத்தில் உட்கார்ந்துகொண்டது. அடுத்த விரிப்பின் ஓரங்களைக் குழி வெட்டி மண்ணில் புதைத்து, மேலே கல்லை அடுக்கினார். ஊர்க்காரர்கள் அதற்கு பிளாஸ்டிக் கல்யாண மண்டபம் என்று பேர் வைத்தார்கள். சாப்பாடு எப்போது என்று விசாரித்தவர்களும் உண்டு.

எல்லாரையும் விட அதிகமாகக் கேலி செய்தது அத்தை. அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் மூத்தவள். அடுத்த தெருவில் இருந்தாலும் எங்கள் பிச்சித் தோட்டம் அவள் பொறுப்பில்தான் இருந்தது. சந்தையில் அவள் விலை பேசினால் எதிரில் நிற்கும் வியாபாரி தன்னை அறியாமல் துண்டைத் தோளிலிருந்து எடுத்துவிடுவான். அவள் கொட்டகை வாசலில் நின்று சித்தப்பாவை விசாரணை செய்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“மணம் உண்டாலே?”

“ராத்திரியில லேசா உண்டும் எக்கா.”

“சரத்துல கட்டலாமா?”

“கட்ட முடியாது. காம்பு ஒட்டும்.”

“சாமிக்குப் போடலாமா? தலைக்கு வைக்கலாமா?”

“இல்லக்கா. இது பாக்கதுக்கு.”

“பாக்கதுக்குத்தான் வீட்டுல டிவி இருக்குலா?” என்று சொல்லிவிட்டு அத்தை போய்விட்டாள். அன்றிலிருந்து அதற்கு துபாய்ப் பூ என்ற பெயர் நிலைத்தது.

கேலி செய்யாத ஒரே ஆள் சித்தி. கல்யாணமாகிச் சில வருடங்கள் ஆகியிருந்தன என்றாலும், சித்தப்பாவோடு அவள் இருந்த நாட்களை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு பள்ளிக்கூட லீவு அளவுக்குத்தான் வரும். எங்கள் வீட்டில் அவள் எப்போதும் விருந்துக்கு வந்தவள் போலத்தான் நடமாடுவாள். குரல் அடுக்களையைத் தாண்டி வராது. கொட்டகைக்குள் போனால் மட்டும் வேறு ஆள். விதை தூசி மாதிரி இருக்கும், கையால் எடுக்க முடியாது. சித்தி காகிதத்தை மடித்து அதில் விதையைப் போட்டு, விரலால் மெல்லத் தட்டித் தட்டி, குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் விழ வைப்பாள். மேலே மண் போட்டு மூடக்கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் என்று சித்தப்பா ஒருமுறை சொன்னதை அவள் எனக்குப் பத்துமுறை சொல்லியிருப்பாள். புகை மாதிரித் தண்ணீர் தெளிப்பது, இலை விட்டதும் கொழுந்தைக் கிள்ளிப் பக்கக் கிளை விட வைப்பது, எந்தச் செடிக்கு எப்போது உரத்தண்ணீர் என்று எல்லாம் அவள் விரல் நுனியில் இருந்தது. உள்ளே வேர்த்துக் கொட்டும். அவர்கள் இரண்டு பேரும் அங்கேயே கிடந்தார்கள். மத்தியானச் சோற்றையும் தூக்குவாளியில் எடுத்துக்கொண்டு போய் அங்கேயே சாப்பிட்டார்கள். சித்தி சத்தமாகச் சிரித்து நான் முதலில் கேட்டது அந்தப் பிளாஸ்டிக் கூரைக்குக் கீழேதான்.

மார்கழியில் பூத்தன. வெள்ளை, ஊதா, ரோஸ், சிவப்பில் வெள்ளை வரி போட்டது என்று வரிசை வரிசையாகக் கறுப்புத் தொட்டிகளில் வாய் திறந்து நின்றன. நான் ஓர் ஊதாப் பூவைப் பறித்துச் சடையில் செருகிக்கொண்டேன். சித்தி என் கையில் ஓர் அடி வைத்தாள். அவள் என்னை அடித்தது அந்த ஒருமுறைதான்.

“செடியோட சேத்துத்தான் மக்கா பூவுக்கு வெல. பூவப் பறிச்சா வாங்குகவன் எதப் பாத்து வாங்குவான்? ஒத்த எதழத் தொடக்கூடாது, கேட்டியா?”

அத்தையும் வந்து பார்த்தாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு ஒரு வரிசை முழுக்க நடந்தாள். “கொள்ளாம்” என்றாள். யாரோ அவள் கையை முறுக்கி வாங்கிய பாராட்டு போல இருந்தது அது.

எல்லாருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் இல்லை. ஏனென்றால் சித்தப்பா திரும்பிப் போகும் நாள் நெருங்கிவிட்டது. லீவில் வந்தவர் ஆறு மாதத்துக்குள் திரும்பாவிட்டால் விசா செல்லாமல் போய்விடும். அவரும் லீவை நீட்டி நீட்டி அதன் கடைசி வாரத்துக்கு வந்திருந்தார். வியாழக்கிழமை திருவனந்தபுரத்திலிருந்து விமானம். “இந்த ஒரு லோடு போனா போதும். இது நடக்கும்னு தெரிஞ்சிரும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் போய்ட்டு வந்தா இதுமாதிரி அஞ்சு ஷெட்டு போடலாம்” என்று அப்பாவிடம் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஊர் கேட்க அழுதேன். எனக்கு அந்த வயது இருந்தது, அழலாம். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த சித்தி உள்ளே போய், பெட்டியில் வைப்பதற்காக வாழைக்காயைச் சீவி ஏத்தங்காய் வற்றல் போட எண்ணெய்ச் சட்டியை அடுப்பில் ஏற்றினாள்.

பூ வாங்க வருவதாகச் சொன்னவர் களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் நர்சரி வைத்திருந்த ஒரு மலையாளி. பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் தொட்டிச் செடி போடுகிறவர். செவ்வாய்க்கிழமை வந்து பார்த்துப் பிடித்திருந்தால் மொத்தமும் எடுத்துக்கொள்வதாகப் பேச்சு. வழி தெரியாதவர் என்பதால் சித்தப்பா அன்றைக்கு இருட்டோடே மோட்டார் சைக்கிளில் களியக்காவிளைக்குப் போய்விட்டார்.

நான் கிணற்றடியில் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். கிழக்கே அப்போதுதான் வெளுக்கிறது. அத்தை பிச்சிப் பறிப்பை முடித்துப் பூவை ஆள் வசம் சந்தைக்கு அனுப்பிவிட்டு, காலிப் பனையோலைப் பெட்டிகளோடு வந்தாள். கூடவே பறிக்கிற பெண்கள் இரண்டு பேர். சித்தி கொட்டகைச் சாவியை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள். நானும் வாயைக் கொப்பளித்துவிட்டு ஓடினேன்.

எங்கள் பக்கத்துப் பெண்கள் பூப் பறிப்பதைப் பார்க்க வேண்டும். கை போவதுதான் தெரியும், வருவது தெரியாது. நான்கு பேரும் நான்கு வரிசையில் இறங்கினார்கள். வெள்ளையும் ஊதாவும் சிவப்பும் பெட்டிக்குள் விழ ஆரம்பித்தன. எனக்குக் கையில் வாங்கிய அடி நினைவுக்கு வந்தது.

“பறிக்கலாமா சித்தி?”

“அத்தைக்குத் தெரியாததா மக்கா?” என்றாள் சித்தி, தலை நிமிராமல்.

அத்தைக்குத் தெரியாத பூ விவகாரம் உலகத்தில் உண்டா? நானும் ஒரு பெட்டியைப் பிடித்துக்கொண்டேன். அத்தை நடுவில் நிறுத்தி விரல்களைச் சேலையில் துடைத்து, “சவம், பிசினு மாதிரில்லா ஒட்டுது” என்று திட்டிவிட்டு மறுபடியும் குனிந்தாள். மறுநாள் விரிய வேண்டிய மொட்டுகளையும் விடவில்லை. வெயில் வருவதற்குள் கொட்டகை முழுக்க வெறும் பச்சை. பெட்டிகளை வாழையிலையும் ஈரத்துணியும் போட்டு மூடி வரிசையாக வாசலில் வைத்தோம். சுத்தமான வேலை.

வியாபாரி தங்க ஃபிரேம் கண்ணாடியும் வெள்ளை வேட்டியுமாக வந்து இறங்கினார். சித்தப்பா பெருமையோடு கொட்டகைக் கதவைத் தள்ளினார். இரண்டு பேரும் உள்ளே போனார்கள். 

“பூவெவிடே?” என்றார் வியாபாரி.

“பூவு இஞ்ச இருக்கு” என்று வாசலிலிருந்து அத்தை குரல் கொடுத்து, ஒரு பெட்டியின் துணியை விலக்கினாள். உள்ளே எல்லா நிறமும் ஒன்றோடொன்று ஒட்டி, சாயம் போன துணியை நனைத்து வைத்ததுபோல் கிடந்தது. “இப்பப் பறிச்சது. தராசு கொண்டு வரட்டா?”

சித்தப்பா பெட்டியைப் பார்த்தார். அத்தையைப் பார்த்தார். மறுபடியும் பெட்டியைப் பார்த்தார். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என்னக்கா செஞ்சு வச்சிருக்கிய?”

“தூரத்துல இருந்து வாறாவ. பூவப் பறிச்சு வைக்காம செடியிலயே விட்டா நம்மளப் பத்தி என்ன நினைப்பாவ? விரிஞ்ச பூவு வாடிப் போவும்லா?” என்றாள் அத்தை.

 வாழ்நாளெல்லாம் அவள் செய்தது அதைத்தான். சித்தப்பா தொட்டிகளில் நிறம் எழுதியும் வைக்கவில்லை, பூத்தால் தெரிந்துவிடப் போகிறது என்று இருந்துவிட்டார். இப்போது எது வெள்ளை, எது ஊதா என்று செடிகளுக்கே தெரியாது போலிருந்தது. வியாபாரி நல்ல மனிதர். வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். நிறம் தெரியாமல் எடுக்க முடியாது, செடி நன்றாக இருக்கிறது, மறுபடி பூத்ததும் போன் செய்தால் வருகிறேன் என்று மலையாளத்தில் சொல்லி, டீயும், பழத்தை மாவில் முக்கிப் பொரித்த பழம்பொரியும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார். மறுபடி பூக்க இன்னும் இரண்டு மூன்று வாரம் ஆகும். விமானம் நாளை மறுநாள்.

அன்று சாயங்காலம் வீட்டில் நடந்தது ஒரு பஞ்சாயத்து. அப்பா அத்தையைப் பேசினார். மூத்தவள் என்றுகூடப் பார்க்காமல் பேசினார். அம்மாவும் இரண்டு வார்த்தை சேர்த்துக்கொண்டாள். சித்தப்பா மட்டும் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். சந்தையையே வாயால் ஆண்ட அத்தை அன்றைக்குத் தூணில் சாய்ந்து நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.  எனக்குப் பாவமாக இருந்தது.

கடைசியில் அப்பா, “நீ கெளம்புலே. பூத்தா நாங்க வித்துக்கிடுகோம்” என்றார். சித்தப்பா சித்தியின் பக்கம் திரும்பினார்.

“நான் போனா நீ தனியா பாத்துக்கிடுவியா?”

“எனக்கு என்ன தெரியும்? நீங்க சொல்லச் சொல்ல செஞ்சேன். தனியான்னா எனக்கு ஒண்ணும் தெரியாது” என்றாள் சித்தி.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சித்திக்கா தெரியாது? கனவிலும் உரத்தண்ணீர் கலக்குகிற சித்திக்கா? “சித்தி, நீங்கதானே எனக்கு...” என்று நான் ஆரம்பித்தேன். சித்தி, காலையில் மிஞ்சிய பழம்பொரி ஒன்றை முழுசாக என் வாயில் திணித்தாள். “புள்ள காலையிலிருந்து ஒழுங்கா தின்னல்ல” என்று எல்லாரிடமும் சொன்னாள். அது பெரிய துண்டு. நான் அதை மென்று விழுங்கி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. சித்திக்கு என்மேல் எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் சித்தப்பா கத்திரியை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். ஒவ்வொரு செடியாக உயரத்தைக் குறைத்து ஒரே அளவாக வெட்டிக்கொண்டிருந்தார். பெட்டி கட்ட வேண்டாமா என்று கேட்டேன். “இதுகள இப்பிடி விட்டுட்டு எப்பிடி மக்கா போகது?” என்றார். வியாழக்கிழமை மத்தியானம் விமானம் கிளம்புகிற நேரத்தில் அவர் கையில் உரத்தண்ணீர் வாளி இருந்தது. சித்தி குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெட்டிக்கு என்று போட்ட ஏத்தங்காய் வற்றலை நாங்கள் மூன்று பேரும் கொட்டகையில் உட்கார்ந்து தின்றோம். அந்த வாரக் கடைசியில் விசா காலாவதியானது. அதற்காக யாரும் அழுததாக நினைவில்லை. நான் தெருவில் போகிறவர்களையெல்லாம் நிறுத்தி, எங்கள் சித்தப்பா போகவில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

பறித்து வெட்டிய செடிகள் அடர்ந்து வந்தன. முதலில் பூத்ததைவிட இரண்டு மடங்கு பூத்தன, இலையே தெரியவில்லை. வியாபாரி வந்து தொட்டிக்குத் தொட்டி தூக்கிப் பார்த்து, வண்டி நிறைய ஏற்றிக்கொண்டு, அடுத்த லோடுக்கும் சொல்லிவிட்டுப் போனார். அத்தை அன்றைக்கு வாசலிலேயே நின்றிருந்தாள். “நான் பறிச்சதுனாலதான் இப்பிடி பூத்திருக்கு” என்று வண்டி டிரைவர் உட்பட எல்லாருக்கும் சொன்னாள். அவளைத் திட்டிய அப்பா தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே போய்விட்டார்.

சித்தப்பா அதற்குப் பிறகு துபாய்க்குப் போகவில்லை. கொட்டகை ஒன்று மூன்றானது, பிறகு ஐந்தானது. அவருக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்தார்கள். வீட்டில் எந்த விசேஷம் நடந்தாலும், எல்லாரும் சாப்பிட்டு முடித்துச் சாய்ந்திருக்கும் நேரத்தில் யாராவது ஒருவர் அத்தையின் கதையை எடுப்பார். செடியில் விற்கிற பூவைப் பறித்துப் பெட்டியில் வைத்துத் தராசு கேட்ட கதை. பேரப்பிள்ளைகள் புரண்டு சிரிக்கும். அத்தையும் சேர்ந்து சிரிப்பாள். ஒருமுறைகூட மறுத்துப் பேசியதில்லை.

எனக்கும் கல்யாணம் ஆனது. என் வீட்டுக்காரருக்குக் கத்தாரில் வேலை. போன வருடம் அவருடைய லீவு முடிகிற வாரத்தில் இரண்டு நாள் அம்மா வீட்டுக்கு வந்திருந்தேன். சித்தியோடு கொட்டகையில் உட்கார்ந்து குழித்தட்டுகளில் தேங்காய்நார்த் தூள் நிரப்பிக்கொண்டிருந்தோம். அத்தைக்கு இப்போது முழங்கால் முடியாது. பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, வேலை சரியில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் நிரப்பிய குழிகளையே திரும்பத் திரும்ப நிரப்பியதைக் கவனித்திருப்பாள் போல.

“ஏட்டி, ஒனக்க மாப்பிள்ளைக்கு டிக்கெட்டு என்னைக்கு?”

“வெள்ளிக்கிழமை அத்தே.”

அத்தை என் கையிலிருந்த குழித்தட்டைப் பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, “பறிச்சுப் போடதுக்கு ஒனக்கு ஒரு செடி இல்லாமப் போச்சே மக்கா” என்றாள்.

“மைனி, சும்மா இரியுங்கோ” என்று சித்தி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அவள் முகம் கழுத்து வரை சிவந்துவிட்டது.

நான் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தேன். அத்தை சித்தியின் முதுகைக் காட்டி, “அந்த மலையாளி வாறதுக்கு முந்துன ராத்திரி இவ எனக்க வீட்டுக்கு வந்து ஒரே அழுக. ஒனக்க சித்தப்பாட்ட போவாண்டாம்னு சொல்ல இவளுக்கு வாய் இல்ல. நான் வேற என்னத்தச் செய்ய? எனக்குத் தெரிஞ்சது பறிப்புதான்” என்றாள்.

சித்தப்பா போகவில்லை என்பது மட்டுமே அன்றைக்கு எனக்குத் தெரிந்தது. எங்கள் வீட்டில் பேச வாயில்லாத ஒருத்திக்காக, வாயுள்ள ஒருத்தி மடச்சி என்ற பேரைத் தானே கேட்டு வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள் என்பது அந்த ஐந்தாம் வகுப்புக்காரிக்குத் தெரியவில்லை.